செம்பருத்திக்கு ஒரு பகல்தான் ஆயுள்

ஏப்ரல் 9, மாலை. வாசகர் கேள்வி

இந்தக் கோடை முழுவதும் பூக்களை மட்டுமே வரைவது என்று உட்கார்ந்தேன். பத்து நாளில் வெறுத்துவிட்டது. பறித்து வைத்த பூ, கோடு போட்டு முடிப்பதற்குள் தொங்கிவிடுகிறது. வண்ணம் தட்டிலேயே காய்ந்துபோகிறது. இளஞ்சிவப்பைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வருகிறது. பூவை நேரில் வைத்து வரைவது வீண் வேலை, நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்து நிதானமாக வரைவதே சரி என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஏப்ரல் 9, இரவு

மறுக்கிறேன். முதல் காரணம் சிவப்பு.

சிவப்புச் செம்பருத்தியைக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இதழின் நடுவே நரம்பும் மடிப்பும் இருக்க வேண்டிய இடம் ஒரே சிவப்புத் திட்டாகக் கிடக்கும். கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து அளக்கிறது. அடர்ந்த சிவப்புப் பூவில் சிவப்பின் அளவு மட்டும் உச்சத்தைத் தொட்டு வழிந்துவிடுகிறது. வழிந்த பிறகு அங்கே மேடு எது, பள்ளம் எது என்ற செய்தி பதிவாவதே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து வரைகிறவர் பூவை வரையவில்லை, திட்டை வரைகிறார்.

இரண்டாவது, வாடுவதைக் குறையாக நினைக்கிறீர்கள். வின்சென்ட் வான்கோ 1888 ஆகஸ்டில் பிரான்ஸின் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்தபோது, பூக்கள் சீக்கிரம் வாடிவிடுவதால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் விடிந்ததும் தொடங்கிவிடுகிறேன் என்று தம்பிக்கு எழுதினார். அந்த அவசரம் அந்தத் தூரிகைத் தடத்தில் தெரிகிறது. அசையாத படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அது வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஏப்ரல் 10, காலை

சுண்ணாம்பு நிறம் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. நீங்கள் சிவப்போடு டைட்டானியம் வெள்ளையைக் கலக்கிறீர்கள், இல்லையா? அது ஒளியை உள்ளே விடாத வெள்ளை. சிவப்பை வெளிறச் செய்வதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும். ரோஜா இதழில் நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு வேறு வகை. ஒளி இதழுக்குள் நுழைந்து, உள்ளே சிதறி, நிறத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது.

ஆகவே வெள்ளையைக் கலக்காதீர்கள், அடியில் வையுங்கள். எண்ணெய் வண்ணமானால் இதழின் மேடு பள்ளத்தை வெள்ளையிலும் வெளிர் சாம்பலிலும் முடித்துக் காயவிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை மிக மெல்லிய பூச்சாக இழுங்கள். நீர்வண்ணத்தில் தாளே அந்த வெள்ளை. வெள்ளைக் குழாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஏப்ரல் 10, மதியம்

மேலே சொன்னதற்கு ஒரு சோதனை. வெள்ளை ரோஜா இதழ் ஒன்றை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தி நசுக்குங்கள். நசுங்கிய இடம் எண்ணெய் பட்ட தாள்போல் ஊடுருவித் தெரியும், வெள்ளை போய்விடும். வெள்ளை இதழில் வெள்ளை நிறமி என்று ஒன்று கிடையாது. செல்களுக்கு நடுவே அடைந்திருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளை. இதைப் பார்த்த நாளிலிருந்து வெள்ளைப் பூவின் நிழலுக்குக் கறுப்பு கலந்த சாம்பலைத் தொடுவதை விட்டுவிட்டேன். இதழ் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் நிழல் குளிர்ச்சியாக இராது. மஞ்சளும் பச்சையும் கலந்து கதகதப்பாக இருக்கும்.

ஏப்ரல் 14

எதை முதலில் வரைவது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் பழக்கம், முதலில் நிழல். வெயில் நகர்ந்தால் நிழல் நகரும், எனவே ஓடுவதை முதலில் பிடி என்பது கணக்கு. பிறகு இதழ்கள், பிறகு காம்பு, கடைசியில் இலை.

ஏப்ரல் 19

14ஆம் தேதி எழுதியது தவறு. அப்படியே விட்டுவைக்க மனம் இல்லை, ஆகவே நீளமாகத் திருத்துகிறேன்.

நேற்று தூரிகையைத் தொடாமல் ஒரே ஒரு செம்பருத்தி மொட்டின் முன்னால் ஒரு பகல் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் இதைச் செய்ததே இல்லை என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொண்டேன்.

காலை 5.50: மொட்டு பிழிந்து முறுக்கிய துணிபோல் இறுகியிருக்கிறது. முறுக்கின் வரிகள் சாய்வாக ஓடுகின்றன. நிறம் கறுஞ்சிவப்பு, முனையில் மட்டும் சற்று வெளிறல்.

6.30: முனை தளர்ந்துவிட்டது. இதழ் எதுவும் இன்னும் பிரியவில்லை.

7.15: வெளியே இருந்த ஓர் இதழ் பிரிந்து பின்னால் சாய்கிறது. அதன் ஓரத்தில் நேற்றைய மடிப்பு இஸ்திரி போடாத துணியின் சுருக்கம்போல் அப்படியே இருக்கிறது.

8.40: ஐந்து இதழும் விரிந்தாயிற்று. நடுவே மகரந்தத் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது, நுனியில் ஐந்து சிறு சிவப்புப் பொட்டுகள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் செய்தி. 8.40 முதல் ஏறத்தாழ 11 மணி வரை பூ அசையவே இல்லை. பூ ஓடிவிடுகிறது, ஓடிவிடுகிறது என்று பதறுகிற நாம் அந்த இரண்டு மணி நேரத்தைக் கோட்டைத் திருத்துவதிலேயே தொலைக்கிறோம். பிற்பகல் 3 மணிக்கு இதழ் விளிம்பு உள்பக்கமாக மடியத் தொடங்கியது. 6 மணிக்குப் பூ மறுபடி சுருண்டுவிட்டது. ஆனால் காலையில் இருந்த முறுக்கு இல்லை, தளர்ந்த சுருள். மகரந்தத் தண்டும் காம்பும் புல்லிவட்டமும் பகல் முழுவதும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

ஆகவே முதலில் விளிம்பு. ஐந்து இதழ்களின் ஓரக்கோட்டையும் கால்மணி நேரத்தில் எழுதிவிடுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போதும். அந்த விளிம்பு வரும்வரை நிழலுக்கு உட்கார இடமே இல்லை என்பதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இலைக்கு அவசரம் இல்லை, அது நாளையும் இருக்கும்.

ஏப்ரல் 19, பின்குறிப்பு

செம்பருத்தியைப் பறித்தால் தண்ணீரில் வைக்காவிட்டாலும் அந்தப் பகல் முழுவதும் விரிந்தே இருக்கும். காலையில் பறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாலை வரைக்கும்கூட இழுக்கலாம். ரோஜா அப்படி இல்லை. அதை விடிகாலையில் வெட்டி, காம்பு நுனியைச் சாய்வாகச் சீவி, உடனே தண்ணீரில் கழுத்தளவு நிறுத்த வேண்டும். கேள்வி கேட்டவர் எந்தப் பூவை எந்த நேரத்தில் பறித்தார் என்று சொல்லவில்லை. நண்பகலில் பறித்திருந்தால் தொங்கியதில் வியப்பில்லை.

ஏப்ரல் 20

மலரப்போகும் மொட்டுக்குத் தமிழில் போது என்று பெயர். பொழுதுக்கும் போது என்றுதான் சொல்கிறோம். முந்தாநாள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தபோது இது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்கு ஏழு பெயர்கள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வரைகிறவருக்கு இது கால அட்டவணை. என் கோட்டுப் புத்தகத்தில் இனி ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதியோடு பருவத்தின் பெயரையும் எழுதப்போகிறேன். ‘ரோஜா’ என்று மட்டும் எழுதினால் எனக்கே பிறகு எதுவும் புரிவதில்லை. ‘ரோஜா, அலர், காலை 10’ என்றால் அந்த வெளிச்சம் திரும்ப வருகிறது.

ஏப்ரல் 27

வெப்பம். தட்டிலேயே வண்ணம் காய்கிறது என்ற பழைய புகாருக்கு வருகிறேன்.

நீர்வண்ணத்துக்கு நான் செய்வது: கனமான பருத்தித் தாளை, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை உள்ளதை, இரண்டு பக்கமும் ஊறவைத்து, நீர் உறிஞ்சாத பலகைமேல் படுக்கவைக்கிறேன். அடிப்பக்கத்து ஈரம் மேல்பக்கத்தை நெடுநேரம் காயவிடாது. தண்ணீரில் ஓரிரு துளி கிளிசரின் சேர்த்தால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். கூடினால் தாள் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், எச்சரிக்கை.

அக்ரிலிக் கோடையில் எனக்குச் சரிப்படவில்லை. ஈரத்தில் பால்போல் இருக்கும் அதன் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டுவிடுகிறது. நீர்வண்ணம் நேரெதிர், காய்ந்தால் வெளிறும். காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் கையாண்ட நாட்களில் என் கை குழம்பிப்போனது.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. வெப்பம் அதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். பூ ஒரு பகலில் போய்விடும், பூச்சு மெதுவாகவே இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடை முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மே 3

இளஞ்சிவப்பைப் பற்றிப் பெரிதாகப் பாடம் சொல்லிவிட்டு நானே சறுக்கினேன்.

என் ஓவிய அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் உண்டு. அதில் இப்போது இலை அடர்ந்துவிட்டது. நான்கு நாட்களாக ஒரு ரோஜாக் கொத்து வரைந்தேன். இளஞ்சிவப்பு மங்கலாகத் தெரிகிறதே என்று ஒவ்வொரு பூச்சிலும் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். இன்று கேன்வாஸை வெளியே எடுத்து வானத்தின் கீழ் நிறுத்தினால் இதழ்கள் அடிபட்ட கன்னம்போல் சிவந்து நின்றன.

வெயில் அந்த இலைகளின் வழியாக வடிகட்டித்தான் உள்ளே வருகிறது. அறை முழுவதும் மெல்லிய பச்சை. கண் அதற்குப் பழகிவிடுவதால் தெரிவதில்லை. பச்சை வெளிச்சம் இளஞ்சிவப்பின் உயிரை எடுத்துவிடும், நாம் அதைச் சரிக்கட்டப்போய்ப் படத்தைக் கெடுப்போம். படம் நிறுத்தும் சட்டத்தை நேர் வெயில் விழாத, வானம் மட்டும் தெரியும் ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன். பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையையும் நிறுத்தியிருக்கிறேன். அட்டை பச்சையாகத் தெரிந்தால் அன்று சிவப்பைத் தொடுவதில்லை.

மே 4

அந்தப் படத்தைச் சுரண்டிவிட்டேன். இரண்டு இலைகள் மட்டும் பிழைத்தன.

மே 11

பூ வாடுவதைப் பற்றி இவ்வளவு பேசினோம். வண்ணம் வாடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

1890 மே மாதம், பிரான்ஸின் சான்ரெமி மனநல மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன், வான்கோ ஐரிஸ் பூக்களை இரண்டு படங்களாகவும் ரோஜாக்களை இரண்டு படங்களாகவும் வரைந்தார். இன்று அந்த ரோஜாக்கள் ஏறக்குறைய வெள்ளை. ஐரிஸ் பூக்கள் நீலம். அவர் வரைந்தபோது ரோஜாக்கள் இளஞ்சிவப்பு, ஐரிஸ்கள் ஊதா. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் ஒளியில் அழிந்துவிட்டது. ஊதாவிலிருந்து சிவப்பு போனால் நீலம் மிஞ்சும், இளஞ்சிவப்பிலிருந்து போனால் வெள்ளை மிஞ்சும். ஒரு பகலில் உதிர்ந்துவிடும் பூவை நிறுத்திவைக்கத்தானே வரைகிறோம்? படத்திலும் அது உதிர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே இன்று ஐந்து இளஞ்சிவப்புகளைப் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அலிசரின் கிரிம்சன் (குழாயில் பி.ஆர். 83 என்று நிறமியின் குறியீடு இருக்கும்) மெல்லியதாக ஒன்று, கனமாக ஒன்று. குவினாக்ரிடோன் ரோஸ் (பி.வி. 19) மெல்லியதாக ஒன்று, கனமாக ஒன்று. ஐந்தாவது, கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்பு. தேதி எழுதியாயிற்று. ஏழு வாரம் தொடமாட்டேன்.

மே 12

இதழ்களையே அரைத்து வண்ணம் செய்தால் என்ன என்று கேட்டவருக்கு: செய்யுங்கள், ஆனந்தமான வேலை. சங்குப்பூச் சாறு தாளில் நல்ல நீலமாக இறங்கும். எலுமிச்சைச் சாறு ஒரு துளி பட்டால் ஊதாவுக்கும் சிவப்புக்கும் நழுவும், சமையல் சோடா பட்டால் பச்சை பக்கம் போகும். புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறுகிற ஆந்தோசயனின் என்ற நிறமி அது. ஆனால் சுவரில் மாட்ட அல்ல. வெயில் அதைத் தின்றுவிடும். அப்படித் தின்பதையே பயன்படுத்தி, 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் பூச்சாறு தடவிய தாளில் வெயிலாலேயே படம் பதித்துக் காட்டினார். நானும் ஓர் இலையை அப்படிப் பதித்திருக்கிறேன், மூடிய புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மே 23

இது எல்லோரும் படிக்க வேண்டியது.

நேற்று மாலை ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எதையோ எடுக்கப் போனால் கருகல் வாடை. பெட்டியைத் தொட்டேன், அடி சுட்டது. துணி உருண்டையைப் பிரித்தால் நடுப்பகுதி பழுப்பேறி இருந்தது. உடனே தண்ணீர் வாளியில் அமிழ்த்தினேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஏப்ரல் 27இல் எழுதினேனே, எண்ணெய் ஆக்சிஜனை எடுத்து இறுகுகிறது என்று. இறுகும்போது சூடு வெளிவரும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும், கசக்கிய துணிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும், தானாகத் தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம். ஏற்கெனவே சூடான கோடை அறையில் ஆபத்து இன்னும் அதிகம். துணிகளை வெளியே ஒற்றை ஒற்றையாக விரித்து உலர்த்துங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள். காரணத்தை அறிந்து எழுதியவனே பெட்டியில் போட்டேன் என்பதால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜூன் 6

பகல் வெப்பம் தாங்காமல் வேலையை அந்திக்கு மாற்றினேன். ஒரு வாரம் ஆகிறது. அந்தியில் சிவப்புப் பூக்கள் சட்டென்று கறுத்துவிடுகின்றன. அருகிலிருக்கும் நீலப் பூக்களும் இலைகளும் மட்டும் மினுங்குகின்றன. இது பூவின் வேலை அல்ல, கண்ணின் வேலை. நல்ல வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே கூர்மை அதிகம். மங்கலில் அது 507 பக்கம், நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. செக் நாட்டு அறிஞர் பூர்கின்யே இதைக் கண்டு சொன்னார், அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்தியில் பார்த்ததை அந்தி நிறத்திலேயே வரைவதானால் இது வரம். பகல் பூவை அந்தியில் முடிக்க நினைத்தால் நான் மே 3இல் விழுந்த அதே குழிதான்.

ஜூன் 15

வீ, செம்மல் இரண்டும் வெகுநாட்களாகக் காத்திருந்தன. விழுந்த பூவை வீ என்கிறோம், வாடிய பூவைச் செம்மல் என்கிறோம். செடியடியில் கிடந்த செம்பருத்திச் சுருள்கள் பதினொன்றைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்தேன். இன்று விழுந்தது சிவப்பு. நேற்றையது ஊதா கலந்தது. அதற்கு முந்தையது ஏறக்குறைய நீலக்கறுப்பு, ஈரமான தோல்போல் ஒட்டுகிறது. குவினாக்ரிடோனில் அல்ட்ராமரீன் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போனால் வரிசை முழுவதும் வந்துவிடுகிறது. இந்தக் கோடையில் நான் வரைந்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். இவை ஓடுவதில்லை, மூன்று நாள் நிதானமாக வரைந்தேன்.

ஜூன் 29

ஏழு வாரம். அலுமினியத் தாளை உரித்தேன்.

ஒளிர் இளஞ்சிவப்பு: மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உறவே இல்லை. திறந்த பக்கத்தில் அந்த ஒளிர்வு முற்றிலும் போய், நீர்த்த இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அலிசரின் மெல்லியது: கோடு தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிறியிருக்கிறது. அலிசரின் கனமானது: என் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. குவினாக்ரிடோன் இரண்டும்: எங்கே மூடியிருந்தேன் என்று தேட வேண்டியிருந்தது.

இளஞ்சிவப்பு என்றாலே மெல்லிய பூச்சு. அலிசரின் தோற்பதும் மெல்லிய பூச்சில்தான். ஏப்ரல் 10இல் ஒளி ஊடுருவும் சிவப்பை மெல்லியதாக இழுங்கள் என்றேன், எந்தச் சிவப்பு என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: குழாயின் பின்பக்கம் பி.வி. 19 அல்லது பி.ஆர். 122 (இதுவும் குவினாக்ரிடோன்தான்) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்பக்கத்தில் அச்சிட்ட அழகான பெயரை நம்பாதீர்கள்.

ஜூலை 8

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். புகைப்படம் வேண்டவே வேண்டாம் என்ற தொனியில் முதல் நாள் எழுதியிருந்தேன். அவ்வளவு கடுமை தேவையில்லை. காம்பு எந்தக் கோணத்தில் சாய்ந்தது, இலைகள் எந்த வரிசையில் இருந்தன என்பதற்குப் படம் துணை. நிறத்துக்கும் விளிம்புக்கும் மட்டும் பூவிடமே போங்கள். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் சிவப்பு வழிவதும் ஓரளவு அடங்கும்.

ஒரு பூவுக்காகக் காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டச்சு ஓவியர் யான் வான் ஹைசம் 1742இல் ஒரு புரவலருக்கு எழுதிய கடிதத்தில், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்றார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவருடைய பூச்சாடிப் படம் ஒன்று 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்ந்தது. ஒரே காலத்தில் பூக்காத பூக்கள் அந்த ஒரே சாடியில் இருக்கின்றன. அவர் கண்முன் அப்படி ஒரு சாடி இருந்ததே இல்லை. ஒவ்வொரு பூவின் முறை வரும்வரை இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறார். என் ரோஜாக் கொத்திலும் வலப்பக்கம் கையகல இடம் வெறுமையாக இருக்கிறது. இந்தக் கோடையில் அந்தச் செடியில் இனி மொட்டு இல்லை. ஞாபகத்திலிருந்து நிரப்பப்போவதில்லை.

ஜூலை 11

கேள்வி கேட்டவர் தாம் வரைந்த செம்பருத்தியை அனுப்பியிருக்கிறார். காலை 9 மணி, அலர் என்று மூலையில் எழுதியிருப்பதைப் பார்த்து மனம் நிறைந்தது. சிவப்பு துளியும் சுண்ணாம்பு கலக்காமல் வந்திருக்கிறது. நரம்புகள் இருக்கின்றன.

ஒரே ஒரு திருத்தம். ஐந்து இதழ்களில் ஒவ்வொன்றின் ஓர் ஓரம் அடுத்ததன் மேல் ஏறியும் மற்ற ஓரம் முந்தையதன் அடியில் புகுந்தும் இருக்க வேண்டும். சுற்று வலமாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம், ஒரே செடியில் இரண்டும் பூக்கும். உங்கள் படத்தில் இடப்பக்கத்து இரண்டாவது இதழ் இரண்டு பக்கமும் மேலே ஏறி நிற்கிறது. நாளைக் காலை ஒரு பூவைப் பறித்துச் சுற்றி எண்ணிப் பாருங்கள்.